ஓடுகிற தளத்தை ஏன் விற்கிறாய்?
— இணையதளம் விற்பவர் காரணமும் விலையும் சொல்லும் முறை —
மூன்றாமாண்டு மாணவர், கணிப்பொறிப் பொறியியல் பிரிவு



"நல்லா ஓடுற வண்டியை எவனாவது விப்பானா?" பழைய டூவீலர் வாங்கப் போகும் வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். வண்டியைச் சுற்றி வந்து, கிக்கரை உதைத்து, சைலன்சர் புகையைப் பார்த்து, ஆர்.சி. புக்கைப் புரட்டிவிட்டு, கடைசியில் அப்பா விற்பவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார்: "ஏன் தம்பி குடுக்கறீங்க?" அந்தப் பதில் சரியாக இல்லை என்றால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வியாபாரம் நின்றுவிடும்.

இணையதளம் விற்பதிலும் இதே கேள்விதான். ஆனால் இங்கே உதைத்துப் பார்க்கக் கிக்கர் இல்லை, முகமும் தெரியாது. வாங்குபவர் சூரத்தில் இருப்பார், மணிலாவில் இருப்பார். அவரிடம் இருப்பது நீங்கள் எழுதிய ஒரு பக்கம் விளம்பரக் குறிப்பு மட்டும். அதில் இரண்டு வரிகளைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படிப்பார். ஒன்று, ஏன் விற்கிறீர்கள் என்பது. இன்னொன்று, விலை. அந்த இரண்டையும் எப்படி எழுதுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் கல்லூரியில் கோடிங் தெரிந்தவர்களில் பலர் ஏதாவது ஒரு தளம் நடத்துகிறார்கள். ஒருவன் பழைய வினாத்தாள் தொகுக்கிறான். ஒருவன் மினி புராஜெக்ட் சர்க்யூட் போடுகிறான். ஒருத்தி அம்மாவின் சமையல் குறிப்புகளை எழுதுகிறாள். படிப்பு முடியும்போது ஹோஸ்டிங் கட்டணம் கட்டாமல் அப்படியே சாகவிடுகிறார்கள். அதை விற்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. இதற்கென்றே சந்தைகள் இருக்கின்றன. அவற்றில் பெயர் பெற்ற ஃபிளிப்பா ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2009-இல் தொடங்கப்பட்டது. அங்கே நாலாயிரம் ரூபாய்த் தளமும் விற்பனைக்கு வரும், நாலு கோடித் தளமும் வரும்.

சந்தேகம் எங்கிருந்து வருகிறது?

விளம்பரம் எழுதும் முன்பு வாங்குபவரின் மனதைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் சந்தேகப்படுவதில்லை. அந்தச் சந்தேகத்துக்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. நாலாவது இதழில் வெளியானது. 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!)

அவர் சொன்னதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு சந்தையில் பழைய மொபெட்டுகள் நிற்கின்றன. பாதி நல்லவை, ஒவ்வொன்றும் ரூ.20,000 பெறும். பாதி ஓட்டை, ரூ.8,000 பெறும். எது எது என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. வாங்குபவன் என்ன செய்வான்? நடுவில் நின்று ரூ.14,000 என்பான். உடனே நல்ல வண்டிக்காரன், "இருபதாயிரம் வண்டியைப் பதினாலுக்கு எவன் குடுப்பான்" என்று தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள் மட்டும். அது தெரிந்ததும் வாங்குபவன் எட்டாயிரத்துக்கு மேல் பேச மாட்டான். பொய் சொல்பவனால் நல்ல பொருள் வைத்திருப்பவனுக்குத்தான் முதல் நஷ்டம்.

இணையதளச் சந்தையில் இந்த நோய் இன்னும் கடுமையானது. காரணம் ரொம்பச் சாதாரணம். வருமானம் காட்டும் திரைப்படத்தைப் பிரவுசரிலேயே இன்ஸ்பெக்ட் எலிமெண்ட் போட்டு அரை நிமிஷத்தில் மாற்றிவிடலாம் என்பது நம்மில் முதலாமாண்டு மாணவனுக்கும் தெரியும். வாங்குபவருக்கும் அது தெரியும். ஆகவே நல்ல தளம் வைத்திருப்பவர், தன்னுடையது ஓட்டை அல்ல என்று காட்டியாக வேண்டும். அதற்கான இடம்தான் காரணமும் விலையும்.

இரண்டு வகைக் காரணம்

விற்பதற்கான காரணங்களை ஆராய்ந்து பார்த்தால் அவை இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று விற்பவரிடம் இருக்கிறது: படிப்பு முடிகிறது, வேலைக்குப் போகிறேன், தங்கை கல்யாணம், சலித்துவிட்டது. இன்னொன்று சரக்கிலேயே இருக்கிறது: வாசகர் குறைகிறார்கள், கூகுளில் பின்னால் போய்விட்டது, போட்டித் தளம் வந்துவிட்டது, அந்த விஷயமே காலாவதி ஆகப் போகிறது.

முதல் வகை உங்கள் சொந்த விஷயம். தங்கை கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. அதிலும் "அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள் பணம் வேணும்" என்று எழுதுவது நாமே நம் கழுத்தில் கயிறு மாட்டிக்கொள்வதாகும். ஒன்பதாம் தேதி வரை காத்திருந்து பாதி விலைக்குக் கேட்பார்கள். ஆனால் இரண்டாம் வகையை மறைக்கக் கூடாது. அது வாங்குபவர் பணம் கொடுத்து வாங்கப்போகும் பொருளின் ஒரு பகுதி.

முதல் வகைக் காரணம் எவ்வளவு தெளிவாகச் சொல்லப்படுகிறதோ அவ்வளவுக்கு விலை குறையாது என்பதற்கு வேர்டில் கதை நல்ல உதாரணம். ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் நியூயார்க்கில் தன் துணைவிக்காக ஒரு வார்த்தை விளையாட்டைச் செய்தார். 2021 அக்டோபரில் அதைப் பொதுவில் விட்டார். நவம்பர் 1-ஆம் தேதி அதை விளையாடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் 3 லட்சம் பேர். 2022 ஜனவரி 31-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதை வாங்கியதாக அறிவித்தது. சில மில்லியன் டாலர் என்ற அளவில் விலை சொல்லப்பட்டது. தளத்தில் விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. வருமானம் என்று ஒரு சல்லிக் காசு கிடையாது!

அவர் ஏன் விற்றார்? திடீரென்று வந்த கூட்டம் தன்னைத் திக்குமுக்காட வைத்துவிட்டது, தனி ஆளாகப் பார்த்துக்கொள்வது பாரமாக இருக்கிறது, போலிகளோடு மல்லுக்கு நிற்க விருப்பமில்லை என்ற பொருளில் வெளிப்படையாகச் சொன்னார். கவனியுங்கள், இந்தக் காரணம் முழுவதும் விற்பவரிடம் இருக்கிறது. விளையாட்டு நன்றாக இருக்கிறது. நடத்துபவருக்கு மட்டும் முடியவில்லை. வாங்கியவரிடம் ஆட்கள் இருந்தார்கள், குறுக்கெழுத்துக்கு ஏற்கனவே சந்தா கட்டும் வாசகர்கள் இருந்தார்கள். விற்பவருக்குப் பாரமாக இருந்த அதே கூட்டம் வாங்குபவருக்குச் சொத்து. இப்படிப் பொருந்துகிற காரணம் கிடைத்தால் அதைவிட நல்ல விளம்பரம் இல்லை. (நமக்கு இந்த அதிர்ஷ்டம் அடிக்கும் என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் கனவு காண வேண்டாம். வருமானமில்லாத தளத்துக்கு நம் அளவில் யாரும் பெரிய தொகை தர மாட்டார்கள்.)

இதற்கு எதிர்ப்பக்கம் டெலிஷியஸ். இணைய முகவரிகளைச் சேமித்து வைத்துப் பகிர்ந்துகொள்ளும் தளம், 2003-இல் தொடங்கியது. 2005 டிசம்பரில் யாஹூ வாங்கியது. 2011-இல் கைமாறியது. பிறகும் கைமாறியது. 2017 ஜூனில் அதன் சிறிய போட்டியாளரான பின்போர்டு அதை 35,000 டாலருக்கு வாங்கி, விலையையும் பகிரங்கமாகச் சொன்னது. மைஸ்பேஸ் கதை இன்னும் பெரியது. 2005-இல் 58 கோடி டாலர் கொடுத்து நியூஸ் கார்ப்பரேஷன் வாங்கியது. 2011-இல் விற்றபோது கிடைத்தது சுமார் 3.5 கோடி டாலர். வாசகர்கள் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள் என்பது உலகத்துக்கே தெரிந்திருந்தது. அங்கே "நேரமில்லை" என்று காரணம் சொல்லியிருந்தால் யாராவது நம்பியிருப்பார்களா?

"நேரமில்லை" என்ற பதில்

இதைத் தனியாகப் பேச வேண்டும். ஏனென்றால் நூற்றுக்குப் பெரும்பாலான விளம்பரங்களில் இதுதான் எழுதியிருக்கும், இதைத்தான் யாரும் நம்புவதில்லை. அதே விளம்பரத்தில் நாலு வரி மேலே "வாரம் ஒரு மணி நேர வேலை போதும்" என்று எழுதியிருப்பார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் இல்லாத மனுஷன் யார்? மெஸ் வரிசையில் நிற்கும் நேரமே அதைவிட அதிகம்! இரண்டில் ஒன்று பொய் என்று வாங்குபவர் முடிவு கட்டிவிடுவார். எது பொய் என்று ஆராயவும் மாட்டார், அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்.

உண்மையிலேயே நேரமில்லை என்றால் அந்த நேரத்தை அளந்து சொல்லுங்கள். "மாதம் 20 மணி நேரம் ஆகிறது. அதில் 12 மணி நேரம் புது வினாத்தாள் சேகரித்து டைப் அடிக்க, 8 மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் எழுத. ஜூன் முதல் வேலைக்குப் போகிறேன், ஷிப்டு வேலை." இது நம்பும்படி இருக்கிறது. வாங்குபவருக்கு இன்னொரு பயனும் உண்டு: தன்னால் அந்த 20 மணி நேரம் தர முடியுமா என்று அவரே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மில் சிலர் "நான் பொய் சொல்லல, சும்மா இருந்தேன், அவ்வளவுதான்" என்பார்கள். இதற்கு இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 17-ஆவது பிரிவில் ஒரு குதிரைக் கதை இருக்கிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான் ஒருவன். நோய் பற்றி வாய் திறக்கவில்லை. இது மட்டும் மோசடி ஆகாது என்கிறது சட்டம். ஆனால் வாங்குபவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லியும் விற்பவன் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். அதாவது "நல்ல குதிரை" என்று வாயால் சொன்னது போல.

இணையதள வியாபாரத்தில் வாங்குபவர் கட்டாயம் கேட்பார்: "கடந்த ஆறு மாசத்தில் வாசகர் குறைஞ்சிருக்காங்களா சார்? நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா இல்லைன்னு எடுத்துக்கறேன்." இந்தக் கேள்வி வந்த பிறகு மௌனம் பொன் அல்ல. 19-ஆவது பிரிவின்படி மோசடியால் ஏமாந்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தானே கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயத்தில் விற்பவர் மௌனமாக இருந்தார் என்றால் வாங்கியவருக்கு அந்த உரிமை இல்லை என்ற விலக்கும் அங்கே உண்டு. ஆனால் பொய்க் கணக்கைத் தயாரித்துக் காட்டியவனுக்கு அந்த விலக்கு உதவாது.

நம் வகுப்பில் பலருக்கு வயது பதினாறு, பதினேழு. 11-ஆவது பிரிவின்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லை. அப்படிச் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் ஒரு வங்காள வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. எனவே முதலாமாண்டு, இரண்டாமாண்டுத் தம்பிகள் அப்பா அம்மாவைக் கலந்து, அவர்கள் பெயரில்தான் செய்ய வேண்டும். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவையுங்கள். அண்ணன் கார்டில் பணம் கட்டி, அண்ணன் பெயரில் பதிந்திருந்தால் சட்டப்படி அண்ணன் கையெழுத்து வேண்டும்.

விலை எங்கிருந்து வருகிறது?

"ராத்திரி பகல் பாக்காம உழைச்சிருக்கேன், ஒரு அஞ்சு லட்சமாவது வேணாமா?" என்று கேட்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் வாங்குபவர் உங்கள் கடந்த காலத்தை வாங்கவில்லை. தளத்தின் வருங்காலத்தை வாங்குகிறார். ஆகவே சிறு தளங்களுக்கு வழக்கத்தில் உள்ள கணக்கு இதுதான்: கடந்த 12 மாத நிகர லாபத்தின் மாதச் சராசரியை எடுத்து, அதை ஒரு மடங்கால் பெருக்குவது. மடங்கு பெரும்பாலும் 20-க்கும் 40-க்கும் இடையில் பேசப்படும். மிகச் சிறிய தளத்துக்கும் புதிய தளத்துக்கும் அதைவிடக் குறைவு. மடங்கு 24 என்றால், வாங்குபவர் போட்ட பணம் இரண்டு ஆண்டில் திரும்ப வரும் என்று பொருள். தளம் அதற்கு முன்பே படுத்துவிடும் என்ற பயம் எவ்வளவு அதிகமோ மடங்கு அவ்வளவு குறையும். இங்கேதான் காரணமும் விலையும் கைகோத்துக்கொள்கின்றன. நீங்கள் சொல்லும் காரணம் பயத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதே மடங்கைத் தீர்மானிக்கிறது.

ஒரு கற்பனைத் தளத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வினாத்தாள், விடைக்குறிப்புத் தளம். நமக்குத் தேர்வு அக்டோபர்-நவம்பரிலும் ஏப்ரலிலும். ஆகவே விளம்பர வருமானம் ஏப்ரலில் ரூ.18,000, அக்டோபரில் ரூ.14,000. ஆனால் டிசம்பரில் ரூ.2,500, ஜூனில் ரூ.2,000. பன்னிரண்டு மாதமும் சேர்த்தால் ரூ.84,000. ஹோஸ்டிங், டொமைன், ஜூனியர் தம்பிக்கு டைப்பிங் கூலி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ரூ.12,000. மீதி ரூ.72,000. மாதத்துக்கு ரூ.6,000.

இப்போது பாருங்கள். ஏப்ரல் மாதத் திரையை மட்டும் காட்டி 24 மடங்கு கேட்டால் 18,000 × 24 = ரூ.4,32,000. முழு ஆண்டைக் காட்டினால் 6,000 × 24 = ரூ.1,44,000. சரியாக மூன்று மடங்கு வித்தியாசம்! முதல் கணக்கில் ஒரு எண்ணும் பொய் இல்லை. ஆனால் மொத்தமும் ஏமாற்று. வாங்கிய மனிதர் ஜூன் மாதம் இரண்டாயிரம் ரூபாயைப் பார்த்துத் தலையில் கை வைப்பார். அவர் நம்மைப் போல ஒரு மாணவராக இருக்கலாம். நகையை அடகு வைத்து வாங்கியிருக்கலாம்.

அடுத்து, உங்கள் உழைப்பு. மாதம் 20 மணி நேரம் நீங்கள் சும்மா செய்கிறீர்கள். வாங்குபவர் ஆள் வைத்தால் மணிக்கு ரூ.100 வீதம் ரூ.2,000 ஆகும். அப்போது அவருக்கு மிஞ்சுவது ரூ.4,000-தான். இதை அவர் கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருப்பதைவிட நீங்களே சொல்வது நல்லது. இது என் கருத்து. சில சீனியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "அவன் கேட்டா பாத்துக்கலாம்" என்பார்கள். ஆனால் ஒரு குறையை நீங்களே எழுதியிருந்தால், மற்ற எண்களை நம்ப அவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

கடைசியாக, சரக்கில் உள்ள காரணம். நம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டத்தை மாற்றுகிறது. எம் ஸ்கீம் போய் என் ஸ்கீம் வந்தது, அது போய் 2023 ஒழுங்குமுறை வந்தது. மாறும் ஒவ்வொரு முறையும் பழைய வினாத்தாள்களுக்கு அரியர் மாணவர்கள் மட்டுமே வாசகர்கள். அவர்களும் பாஸ் ஆகிவிட்டால் (ஆக வேண்டும்!) அந்தப் பக்கங்கள் வெறும் காகிதம். வெளிமாநிலத்தில் இருந்து வாங்குபவருக்கு இது எப்படித் தெரியும்? நமக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

கூகுள் விஷயமும் இப்படித்தான். 2023 செப்டம்பரில் அது தேடல் வரிசை முறையை மாற்றியபோது பல சிறு தளங்கள் வாசகரை இழந்தன. 2024-இல் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதும் பதில் இந்தியாவிலும் வரத் தொடங்கியது. உங்கள் வரைபடத்தில் ஒரு பள்ளம் இருந்தால் அது எந்த மாதம், பிறகு எவ்வளவு மீண்டது என்று எழுதுங்கள். பள்ளத்தை வாங்குபவர் எப்படியும் பார்ப்பார்.

இரண்டு விளம்பரங்கள்

மேற்சொன்ன கற்பனைத் தளத்துக்கே இரண்டு விதமாக விளம்பரம் எழுதிப் பார்க்கலாம். முதலாவது:

"அருமையான கல்வித் தளம் விற்பனைக்கு! மாதம் ரூ.18,000 வரை வருமானம்! வாரம் ஒரு மணி நேர வேலை போதும். நேரமின்மை காரணமாக விற்கிறேன். பொன்னான வாய்ப்பு. விலை ரூ.4,32,000 மட்டுமே. முந்துபவருக்கே!"

இதில் "வரை" என்ற ஒரு சொல் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். தீபாவளித் தள்ளுபடி போர்டில் வரும் அதே "வரை"தான். விலை எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. பொன்னான வாய்ப்பை இவர் ஏன் கைகழுவுகிறார் என்பதற்கும் பதில் இல்லை.

இரண்டாவது:

"பாலிடெக்னிக் வினாத்தாள், விடைக்குறிப்புத் தளம். இரண்டரை ஆண்டாக நடக்கிறது. கடந்த 12 மாத வரவு ரூ.84,000, செலவு ரூ.12,000, மீதி ரூ.72,000. வரவு சீரானதல்ல, தேர்வு மாதங்களில் அதிகம், ஏப்ரலில் ரூ.18,000, ஜூனில் ரூ.2,000. மாதம் 20 மணி நேரம் நானே வேலை செய்கிறேன். அதன் கூலி மேற்படி செலவில் சேரவில்லை.

விற்கும் காரணம்: மே மாதம் டிப்ளமோ முடிகிறது. புது வினாத்தாள் கிடைக்கக் கல்லூரிக்குள் இருக்க வேண்டும். இனி என்னால் முடியாது. படிக்கும் மாணவர் ஒருவரோ, டியூஷன் சென்டர் நடத்துபவரோ வாங்கினால் தொடர்வது எளிது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 600 பக்கங்களில் 350 பழைய பாடத்திட்டத்துக்கு உரியவை. அவற்றின் வாசகர் ஆண்டுக்கு ஆண்டு குறைவார்கள். புதிய பாடத்திட்டப் பக்கங்கள் 250, அவை வளர்கின்றன.

விலை ரூ.1,00,000. மாத லாபம் ரூ.6,000-இல் உழைப்புக் கூலி ரூ.2,000 கழித்து ரூ.4,000, அதற்கு 25 மாதம். டொமைன், எல்லாக் கோப்புகள், டேட்டாபேஸ், யூடியூப் சேனல் சேரும். ஆட்சென்ஸ் கணக்கு சேராது. 30 நாள் கூட இருந்து சொல்லித் தருவேன்."

இந்த விளம்பரத்தைப் படித்து பத்துப் பேர் போய்விடலாம். பாக்கி இருக்கும் இரண்டு பேர் உண்மையாக வாங்க வந்தவர்கள். ஆட்சென்ஸ் பற்றி ஏன் எழுதினேன் என்றால், அந்தக் கணக்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க கூகுள் அனுமதிப்பதில்லை. வாங்குபவர் தன் பெயரில் புதுக் கணக்கு தொடங்கி அனுமதி வாங்க வேண்டும். அதுவரை வருமானம் நிற்கும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் விற்று முடித்த பிறகு சண்டை வருவதுண்டு.

"எல்லாக் கோப்புகள்" என்பதிலும் ஓர் எச்சரிக்கை. கைடு புத்தகத்தை ஸ்கேன் செய்து போட்ட விடைகள் உங்கள் தளத்தில் இருந்தால் அவை விற்க உங்களுடையவை அல்ல. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் பதிப்பகத்தின் பக்கம். விற்கும் முன் நீக்குங்கள். நீக்கியதால் வாசகர் குறைந்தால் அதையும் கணக்கில் காட்டுங்கள். அதேபோல், பதிவு செய்த மாணவர்களின் போன் நம்பர் பட்டியலைக் கொசுறாகத் தருகிறேன் என்று எழுதாதீர்கள். 2023-இல் இதற்கென்றே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பி நம்பர் கொடுத்தவர்கள் நம் வகுப்புத் தோழர்கள்.

பேரம்

ஆதாரம் கேட்பார்கள். படம் அனுப்ப வேண்டாம். அனலிட்டிக்ஸிலும் சர்ச் கன்சோலிலும் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். பணம் வந்ததற்கு வங்கி ஸ்டேட்மென்ட் காட்டுங்கள். பாஸ்வேர்டை யாரிடமும் இந்தக் கட்டத்தில் தரக் கூடாது.

விலை பேசும்போது வாங்குபவர், "பழைய பக்கமெல்லாம் ரெண்டு வருஷத்துல போயிடும்னு நீங்களே சொல்றீங்க. இருபத்தஞ்சு மாசம் தர முடியாது தம்பி, பதினெட்டு மாசம்னா பேசலாம்" என்பார். 4,000 × 18 = ரூ.72,000. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் உங்கள் கணக்கை ஏற்றுக்கொண்டு, ஒரே ஓர் எண்ணில் மட்டும் நிற்கிறார். "சார், புதுப் பாடத்திட்டப் பக்கத்துல மட்டும் போன ஏப்ரல்ல எவ்வளவு வந்ததுன்னு பாருங்க. இருபத்தொண்ணு போடுங்க, நான் முப்பது நாளுக்குப் பதிலா அடுத்த அக்டோபர் பரீட்சை முடியற வரைக்கும் கூட இருந்து பாத்துக்கறேன்" என்று பதில் சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது. ரூ.84,000-இல் முடியும். நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் கேட்டவருக்கு இப்படிப் பேச ஓர் எண்ணும் கையில் இல்லை. அவர் "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்றுதான் கெஞ்ச வேண்டும்.

வாங்குபவருக்கு இன்னொரு பயமும் இருக்கும். "வித்துட்டு நீங்களே இன்னொண்ணு ஆரம்பிச்சா?" தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. ஆனால் தொழிலின் நற்பெயரையும் சேர்த்து விற்பவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், அந்த எல்லை நியாயமாக இருந்தால் அது செல்லும் என்று அதே பிரிவில் விலக்கு உண்டு. நீங்கள் சொன்ன காரணம் உண்மையாக இருந்தால் இப்படி எழுதிக் கொடுக்கத் தயக்கம் வராது. வேலைக்குப் போகிறவனுக்கு இன்னொரு வினாத்தாள் தளம் எதற்கு?

பணத்தை நடுவில் ஒருவரிடம் வைத்து, தளம் கைமாறிய பிறகு விடுவிக்கும் எஸ்க்ரோ முறையில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய சந்தைகளில் அந்த வசதி உண்டு. பணம் எஸ்க்ரோவுக்கு வந்து சேர்ந்த தகவல் உறுதியான பிறகே டொமைனின் மாற்றுக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு கோப்புகள், டேட்டாபேஸ், கடைசியாக யூடியூப் சேனல் உரிமை. ஒவ்வொன்றும் கைமாறிய தேதியைக் குறித்து, இருவரும் ஒப்புக்கொண்டதாக ஒரு ஈமெயில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.